இந்த யானை எப்ப வந்துச்சு

பன்னிரண்டே முக்கால் மணிக்கு விசில்காரன் தன் ராணியை வலது ஓரத்தில் கொண்டுபோய் வைத்து, "செக்" என்றான். சொன்ன பிறகு அவனுக்கே சந்தேகம் வந்து இன்னொரு தடவை பார்த்தான். எதிரே இருந்த ராஜாவுக்கு ஓட இடமில்லை. குறுக்கே போட ஒரு காயும் இல்லை. "மேட்டுன்னு நினைக்கிறேன் மச்சான்" என்றான், அவர் சட்டை முதுகில் கறை பட்டிருப்பதைச் சொல்லும் குரலில்.

மச்சான் சிரித்தார். "மேட்டா? ராணிய ராஜாவாலயே வெட்டிட்டுப் போறேன்" என்று கையை நீட்டினார்.

"வெட்ட முடியாது மச்சான். பின்னாடி யானை இருக்கு."

"எந்த யானை?"

அவன் விரலால் காட்டினான். அவர் தலை மெதுவாக இடது பக்கம் திரும்பியது. கட்டிலுக்குப் பின்னால் விழுந்துவிட்ட பொருளைத் தேடுகிறவர்போல எட்டிப் பார்த்தார். ஓரக் கோட்டின் அடியில், தன் மூலையில், அவனுடைய யானை நின்றுகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

"இந்த யானை எப்ப வந்துச்சு?"

"ஆரம்பத்துலேர்ந்து அங்கதான் நிக்குது. முன்னாடி இருந்த சிப்பாய் போயி அஞ்சாறு மூவ் ஆச்சு."

"நிக்குதா?" என்றார். பிறகு அவன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "தேறிட்டே மாப்ள. தேறிட்டே போ."

அது இரும்புக் கிடங்கின் மூலையில் இருந்த சாமான் அறை. வெளியே கிடங்கு முழுக்கக் குழாய்க் கட்டுகளும் தகடுகளும் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. கூரைக்குக் கீழே இரண்டு சுவரோரமும் தண்டவாளம், அதன்மேல் குறுக்காக ஓடும் கிரேன், கிரேனின் வயிற்றில் தொங்கும் கண்ணாடிக் கேபின். அந்தக் கேபினில் மச்சான் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருந்தார். காலையில் ஏணியில் ஏறினால் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவார் என்பதால் கிடங்கில் எல்லாருக்கும் அவர் மாடிக்காரர். கீழே நின்று சுமையைக் கொக்கியில் மாட்டி, கையாலும் விசிலாலும் அவருக்குச் சைகை கொடுப்பது இவன் வேலை. இவன் விரல் அசைந்தால் மேலே நாலு டன் அசையும். இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் மச்சான்தான், தங்கையைக் கட்டிக் கொடுத்ததும் மச்சான்தான். சொந்தமாகச் சம்பாதித்தது என்று அவனிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. அவன் மனைவியே வேடிக்கையாக ஒரு தடவை சொல்லியிருக்கிறாள், "உங்க மீசையாவது நீங்களா வளத்ததா, இல்ல அதுவும் எங்கண்ணன் குடுத்ததா?"

சதுரங்கமும் அப்படித்தான் வந்தது. மச்சானோடு தினமும் ஆடிக்கொண்டிருந்த குமாஸ்தா வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனபோது, ஆள் இல்லாமல் தவித்த மச்சான் இவனைப் பிடித்து உட்கார வைத்தார். ஒன்றரை வருஷம் ஆகிறது. முதல் மூன்று மாதம் அவன் ஆடியதை ஆட்டம் என்று சொல்ல முடியாது. டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். ராணியை நாலாவது மூவிலேயே வெளியே கொண்டுவந்து ஊர் சுற்ற விட்டுப் பறிகொடுப்பான். குதிரை எங்கே குதிக்கும் என்று கட்டத்தில் விரல் வைத்து எண்ணுவான். "எண்ணு மாப்ள, நல்லா எண்ணு, அதுக்குள்ள நான் குளிச்சுட்டு வந்துடறேன்" என்பார் மச்சான். நாற்பத்திரண்டு வயதில், எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளையைப்போல உட்கார்ந்திருப்பது அவனுக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் விட மனம் வரவில்லை. பஸ்ஸில் போகும்போது போனில் புதிர்களைப் போட்டுப் பார்த்தான். ஒரே காயைத் திரும்பத் திரும்ப நகர்த்தக்கூடாது, ராஜாவைச் சீக்கிரம் கோட்டைக்குள் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும் என்பதெல்லாம் ஒவ்வொன்றாகப் புரிந்தது. 'அவர் இப்போது என்ன செய்யப் பார்க்கிறார்?' என்று ஒரு கேள்வியைத் தன் அடையாள அட்டையின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மூவுக்கு முன்னாலும் அட்டையைத் திருப்பிப் பார்ப்பான். இருபது மூவில் தோற்றுக்கொண்டிருந்தவன் முப்பதில் தோற்றான், பிறகு நாற்பதில். ஒரு தோல்விக்கும் இன்னொரு தோல்விக்கும் நடுவில் இவ்வளவு தூரம் உண்டு என்பது அவனுக்கு அதுவரை தெரியாது.

இப்போது ஜெயித்தேவிட்டான். அன்று மாலை வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே சொன்னான். மனைவி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "எங்கண்ணன தோக்கடிச்சுட்டு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு என்கிட்ட சோறு கேப்பீங்க?" என்றாள். ஆனால் தட்டில் வழக்கத்தைவிட ஒரு கரண்டி அதிகம் விழுந்தது.

அந்த வாரத்தில் இன்னொரு தடவை ஜெயித்தான். அடுத்த வாரம் மூன்று தடவை. கிடங்கில் பேச்சுப் பரவி, சாப்பாட்டு நேரத்தில் நாலைந்து பேர் சாமான் அறை வாசலில் டிபன் பாக்ஸோடு நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். "மாடிக்காரரையே கவுத்துட்டான்யா விசிலு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தபோது அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. கூச்சமாகத் தலையைக் குனிந்துகொண்டான். ஒரே ஒரு விஷயம்தான் உறுத்தியது. போனில் முகம் தெரியாத ஆட்களோடு ஆடும்போது அவன் தோற்றுக்கொண்டேதான் இருந்தான். அவன் பெயருக்குப் பக்கத்தில் திறமையைக் காட்டும் எண் மூன்று மாதமாக அறுநூற்றுச் சொச்சத்திலேயே ஆணி அடித்ததுபோல நின்றது. போனில் ஆடுகிறவர்கள் பக்கத்தில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தான். அதுதான் காரணம் என்று வைத்துக்கொண்டான். எதிரே ஆள் உட்கார்ந்தால்தான் தன் திறமை வெளியே வருகிறது என்றும் நினைத்துக்கொண்டான்.

அதே நாட்களில்தான் வேலையிலும் ஒன்றிரண்டு கோளாறுகள் நடந்தன. ஒரு குழாய்க் கட்டு நகரும்போது வாலை வீசித் தூணில் உராய்ந்து, தீப்பொறி பறந்து, ஒரு முழத்துக்குப் பெயிண்டை வழித்துக்கொண்டு போனது. இன்னொரு நாள் தகடு ஒன்று மஞ்சள் கோட்டைத் தாண்டி நடைபாதைக்கு மேல் போய் நின்றது. சூப்பர்வைசர் இரண்டு தடவையும் இவனைத்தான் பிடித்தார். "உன் தலைக்குள்ள எந்நேரமும் செஸ்ஸு ஓடிக்கிட்டிருக்கு. சிக்னல ஒழுங்கா குடு" என்றார். தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது உண்மைதானே. கையைத் தான் தாமதமாகத்தான் தூக்கியிருக்க வேண்டும் என்று நம்பினான். இனி வேலை நேரத்தில் குதிரை, யானை எதையும் நினைப்பதில்லை என்று தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். போன மாதம் இரண்டு நாள் மண்டை பிளக்கிற தலைவலி என்று லீவு போட்டுப் படுத்திருந்தார். அதற்கப்புறம் தங்கை அவரைப் பார்க்கவில்லை. நன்றாகத்தான் இருந்தார். சிரித்தார், பேசினார், இரண்டாம் தடவை சோறு கேட்டார். உள்ளே வரும்போது நிலைப்படியில் இடது தோளை இடித்துக்கொண்டு, "இந்தக் கதவு போன தடவ இவ்ளோ குறுகலா இல்லையே" என்றார். அவர் போன பிறகு மனைவி தட்டை எடுத்துக்கொண்டே, "காயைத் தொடவே இல்ல பாருங்க. அப்படியே ஒதுக்கி வெச்சிருக்காரு" என்றாள்.

"காயைத் தொட்டா நகத்தணும். அதான் பயந்துட்டாரு" என்றான் அவன். அவன் சொன்ன சதுரங்க ஜோக்குகளிலேயே அவள் சிரித்தது அது ஒன்றுக்குத்தான். சிரித்துவிட்டு, "சவரம்கூட ஒழுங்கா பண்ணிக்கல. ஒரு கன்னத்துல அப்படியே முள்ளு முள்ளா நிக்குது. அண்ணி சொல்ல மாட்டாங்களா" என்று சொல்லிக்கொண்டே பாத்திரம் கழுவப் போனாள்.

ஐந்தாவது வாரம், கணக்குப் பார்த்தால் பதினான்கு வெற்றி ஆகியிருந்தது. தைரியம் வந்து, ஞாயிறு மதியம் நூலக மாடியில் ஆடுகிற குழுவுக்குப் போனான். ஏழெட்டு மேஜைகள், ஒரு மின்விசிறி, பேசாமல் குனிந்திருக்கும் தலைகள். முதல் ஆட்டம் தோற்றான். இரண்டாவதும் தோற்றான். மூன்றாவதாக எதிரே வந்து உட்கார்ந்தவள் ஒரு தையல்காரி. கீழ்த்தெருவில் கடை வைத்திருப்பவள், ஐம்பது வயது இருக்கும், மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். இருபத்திரண்டு மூவில் அவன் கதையை முடித்தாள். இன்னொன்று ஆடலாமா என்று கேட்டான். காயின் நிறத்தை மாற்றிக்கொண்டு ஆடினார்கள். அதிலும் தோற்றான்.

காய்களைத் திரும்ப அடுக்கிக்கொண்டே அவள் சொன்னாள், "ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? நீங்க மோசமா ஆடல. ஆனா ரெண்டு ஆட்டத்துலயும் ஒரே பக்கமா வந்தீங்க. உங்க வலது கைப் பக்கமா. அங்க நான் எல்லாத்தையும் கட்டிக் காவல் வெச்சிருக்கேன், அப்பவும் அங்கயே வர்றீங்க. அந்தப் பக்கம் யாருமே இல்லாத மாதிரி."

"பழக்கம்" என்றான்.

"வழக்கமா யார்கூட ஆடுவீங்க?"

"எங்க மச்சான்கூட."

அவள் கண்ணாடியை எடுத்துத் துடைத்தாள். "உங்க மச்சான் அந்தப் பக்கம் திரும்பியே பாக்க மாட்டாரு போலிருக்கு" என்று சொல்லிச் சிரித்தாள். அவனும் மரியாதைக்குச் சிரித்தான்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அந்தச் சிரிப்பு வற்றிப்போனது. அவன் ஜெயித்த ஆட்டங்கள் எல்லாம் அவனுக்கு மனப்பாடம். முதல் ஆட்டத்தை எடுத்தான். யானை நின்ற ஓரக் கோடு அவனுடைய வலது. இரண்டாவது ஆட்டத்தில் அவனுக்குக் கறுப்புக் காய், பலகையே தலைகீழ், ஆனாலும் அவன் குதிரை உள்ளே புகுந்தது அவனுடைய வலது. மூன்றாவது, நான்காவது. பதினான்கையும் ஓட்டிப் பார்த்தான். நிறம் மாறியிருந்தது, காய் மாறியிருந்தது, பக்கம் மாறவே இல்லை. எதிரே உட்கார்ந்தவருக்கு அது இடது. நிலைப்படியில் இடித்த தோள் இடது. முள் முளைத்திருந்த கன்னம் எது? அவர் முகத்தை மனதில் கொண்டுவந்து நிறுத்தினான். இடது. தட்டின் இடது ஓரத்தில் அப்படியே கிடந்த காய், தூணில் உராய்ந்த குழாய், மஞ்சள் கோட்டைத் தாண்டிய தகடு. கேபினில் அவர் எந்தத் திசை பார்த்து உட்காருவார் என்று அவனுக்குத் தெரியும். அந்தத் தூணும் நடைபாதையும் அவருக்கு இடது. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டான்.

நடந்து வரும்போதே மச்சானுக்குப் போன் போட்டான். "என்ன மாப்ள, போட்டி எப்படி? எத்தன பேரச் சாய்ச்சே?" என்று அவர் உற்சாகமாகக் கேட்டார். அவன் வாயைத் திறந்தான். "சுமார்தான்" என்றான். "நாளைக்கு வெள்ளை எனக்கு, மறந்துடாதே" என்று சொல்லி வைத்துவிட்டார். அவனுக்கு அப்போது இரண்டு பயம் இருந்தது. மச்சானுக்கு என்னவோ ஆகிவிட்டது என்பது ஒன்று. அந்தப் பதினான்கும் தன்னுடையது இல்லை என்பது இன்னொன்று. எது பெரிதாக இருந்தது என்று பார்க்க அவனுக்கே வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை காலையில் அவன் போவதற்குள் மச்சான் மேலே ஏறிவிட்டார். கண்ணாடிக்குப் பின்னால் கை ஆடியது. இவனும் ஆட்டினான். கொக்கி இறங்கி வந்தது. அந்த நாலு மணி நேரமும் அவன் வேலை செய்த மாதிரி அந்தக் கிடங்கில் யாரும் வேலை செய்திருக்க மாட்டார்கள். சுமை கிளம்புவதற்கு முன்னால் இடது பக்கம் ஓடிப்போய், "தள்ளுங்க, தள்ளுங்க" என்று ஆட்களை விரட்டினான். பிறகு ஓடிவந்து சைகை கொடுத்தான். "இன்னிக்கு என்ன கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி அலையறே?" என்று கேலி செய்தார்கள். ஒவ்வொரு தடவை தலைக்கு மேல் நிழல் கடந்தபோதும் அவன் பயத்தோடு அண்ணாந்தான். பதினோரு வருஷமாக அந்த நிழலின் கீழேதான் நின்றிருக்கிறான், ஒரு நாளும் பயந்து பார்த்ததில்லை.

சாப்பாட்டு மணி அடித்ததும் பலகையை விரித்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களை, "இன்னிக்கு வேண்டாம், எனக்கு ஓடாது" என்று அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினான். பதினைந்து மூவ் வரைக்கும் ஒழுங்காக ஆடினான். பிறகு தன் குதிரையைத் தூக்கி வலது பக்கம், மச்சானின் சிப்பாய் சும்மா வெட்டக்கூடிய இடத்தில் வைத்தான். மச்சான் யோசித்து, நடுவில் ஒரு மந்திரியை நகர்த்தினார். குதிரை வெட்டுப்படாமல் நின்றது. அடுத்து ராணியையே எடுத்துக் குதிரைக்குப் பக்கத்தில் வைத்தான். அவனோடு முதல் மாதம் ஆடிய மச்சானாக இருந்தால், "என்ன மாப்ள, ராணிய தானம் பண்றியா?" என்று கேட்டுவிட்டுத்தான் வெட்டியிருப்பார். இப்போது அவர் கன்னத்தைச் சொறிந்துகொண்டு, தன் வலது ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி, "ம், ஆடு" என்றார். அவர் முகம் தெளிவாக இருந்தது. ஜெயித்துக்கொண்டிருப்பவரின் முகம்.

"மச்சான், ஒரு நிமிஷம். உங்க காய் எத்தன இருக்கு? எண்ணிச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"சும்மா சொல்லுங்களேன்."

விரலை வைத்து எண்ணினார். "எட்டு."

"நீங்க எத்தன குடுத்தீங்க?"

அதற்கு அவர் பலகையைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஆட்டம் முழுக்க அவர் தலைக்குள் இருக்கும். "ரெண்டு சிப்பாய், ஒரு குதிரை, ஒரு மந்திரி. நாலு." சொன்னவர் நிறுத்தினார். பதினாறில் நாலு போனால் எவ்வளவு என்பது அறையில் இருந்த இருவருக்கும் தெரியும். திரும்ப எண்ணினார். எட்டுதான் வந்தது.

அவன் பலகையின் இரண்டு ஓரத்தையும் பிடித்து, காய் சாயாமல், மெதுவாக அரை வட்டம் சுற்றினான். மச்சானின் கண் விரிந்தது. அவருடைய யானையும், முன்னால் நின்ற சிப்பாய்களும், அவற்றுக்கு நடுவே காவலில்லாமல் நிற்கிற எதிரி ராணியும் இருட்டிலிருந்து நடந்து வந்ததுபோல அவர் எதிரே வந்து நின்றன. சற்று முன் எண்ணிய எட்டில் ஐந்தைக் காணவில்லை. அவர் தானே பலகையைப் பிடித்துத் திருப்பினார். பிறகு மறுபடியும் திருப்பினார். நாலாவது தடவை திருப்பும்போது ஒரு சிப்பாய் உருண்டு கீழே விழுந்தது. அது இடது பக்கம் விழுந்ததால் அவர் அதைத் தேடவில்லை.

"எப்பத்திலேர்ந்து தெரியும் உனக்கு?"

"நேத்து சாயங்காலம்."

"நேத்து சாயங்காலம் தெரிஞ்சும் காலைல என்ன ஏற விட்டே?"

அவன் குனிந்து அந்தச் சிப்பாயை எடுத்தான். மச்சான் கண்ணைக் கசக்கினார். கசக்கிவிட்டுப் பார்த்தார். "நான் நல்லாத்தான் பாக்கறேன் மாப்ள. கறுப்பா ஒண்ணும் தெரியல. மங்கலாவும் இல்ல. எனக்கு எல்லாம் முழுசாத்தான் தெரியுது." அதைச் சொல்லும்போது அவர் குரல் கெஞ்சியது. "முழுசாத் தெரியுதேடா."

"டாக்டர்கிட்ட போயிடலாம் மச்சான். இப்பவே."

"டாக்டர் பாத்தா பேப்பர்ல எழுதுவான். எழுதினா என்ன மேல ஏத்த மாட்டாங்க. கீழ நான் என்ன பண்ணுவேன்? எனக்குத் தெரிஞ்சது அந்தக் கண்ணாடிப் பொட்டி ஒண்ணுதான்." எழுந்து கதவு வரைக்கும் போய்த் திரும்பினார். "இன்னிக்கு ஒரு நாள். சாயங்காலம் நானே போறேன், என் தங்கச்சி... உன் பொண்டாட்டி மேல சத்தியம். இப்ப வெளிய ஒரு லாரி நிக்குது, அத மட்டும் இறக்கிட்டு வந்துடறேன். இப்ப தெரிஞ்சுபோச்சுல்ல, நான் திரும்பித் திரும்பிப் பாத்துக்கறேன். இடது பக்கம் யாராச்சும் வந்தா நீ ஒரு நீள விசில் அடி. நிறுத்திடறேன். நீதான் என் அந்தப் பக்கத்துக் கண்ணு. சரியா?"

மணி அடித்தது. வேலையும் பெண்ணும் கொடுத்த மனிதர் முதல் தடவையாக அவனிடம் ஒன்று கேட்டார். அவன் தலையாட்டினான். தலையாட்டியது தப்பு என்று அந்த நிமிஷமே தெரிந்தது, ஆனால் மச்சான் அதற்குள் ஏணியில் பாதி ஏறிவிட்டார்.

லாரியில் பன்னிரண்டு தகடுகள். ஆறு தகடு ஒரு குறையும் இல்லாமல் இறங்கியது. கண்ணாடிக்குப் பின்னால் மச்சானின் தலை இடதும் வலதுமாகத் திரும்பிக்கொண்டிருந்ததை அவன் பார்த்தான். ஏழாவதில் அந்தத் தலை கொஞ்சம் குறைவாகத் திரும்பியது. எட்டாவதில் திரும்பவே இல்லை. பத்தொன்பது வருஷப் பழக்கம் அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டது. ஒன்பதாவது தகட்டை அவன் கொக்கியில் மாட்டி, தூக்கச் சொல்லிக் கையைக் காட்டினான். தகடு எழுந்து, மார்பு உயரத்தில் படுத்தவாக்கில், கிடங்கின் உள்ளே நகர ஆரம்பித்தது. கிரேன் ஓடும்போது அடிக்கிற எச்சரிக்கை மணி கணகணவென்று அடித்தது. அப்போதுதான் லாரி டிரைவர் மச்சானுக்கு இடது பக்கத்து அடுக்குக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். தோளில் துண்டு, ஒரு கையில் டீ, இன்னொரு கையில் போன். தகட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அடுக்குக்கும் தூணுக்கும் நடுவில் இருந்த சந்தில் நின்று யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

அவன் விசிலை ஊதினான். நீளமாக, நெஞ்சு வலிக்க ஊதினான். மணிச் சத்தம் அதை முழுங்கிவிட்டது. தகடு நிற்கவில்லை. டிரைவருக்கும் அதற்கும் நடுவில் பத்தடி இருந்தது. அவரை எட்டிப் பிடித்துத் தள்ள அவனுக்கு முப்பதடி. அந்த ஒரு நொடியில் அவன் கால் அவரைப் பார்த்துத்தான் கிளம்பியது. அடுத்த எட்டில் நின்று, திரும்பி, எதிர்ப்பக்கம் ஓடினான். அந்த மனிதரை அங்கேயே விட்டுவிட்டு, கிடங்கின் வலது பக்கம், வெட்டவெளியாகக் கிடந்த தரையைப் பார்த்து ஓடினான். ஓடிப்போய் நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்துத் தலைக்கு மேல் குறுக்கும் நெடுக்கும் வீசினான். யாரோ கத்தினார்கள். மேலே பிரேக் கிறீச்சிட்டது. தகடு நின்றது. நின்ற வேகத்தில் முன்னால் ஒரு தடவை ஆடிப்போய், டிரைவரின் துண்டை முதுகோடு தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது. அவர் எரிச்சலோடு திரும்பிப் பார்த்தார். பார்த்ததும் டீ கிளாஸ் கையிலிருந்து நழுவியது.

மணி நின்றது. கிடங்கில் அவ்வளவு அமைதி வேலை நாளில் வந்ததே இல்லை. சூப்பர்வைசர் ஓடி வந்தார். முதலில் தகட்டைப் பார்த்தார், பிறகு டிரைவரை, பிறகு மேலே. "என்னய்யா ஆச்சு? பிரேக் பிடிக்கலையா?" என்று மேலே பார்த்துக் கத்தினார். "பிரேக்குதான்னு நினைக்கிறேன்" என்று பக்கத்தில் நின்ற ஒருவன் சொன்னான். "மெக்கானிக்கக் கூப்பிடுங்க" என்றான் இன்னொருவன். விசில்காரனும் அதையே சொல்லலாம். பிரேக் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மெக்கானிக் வருவார், பார்ப்பார், ஒன்றுமில்லை என்பார், நாளைக் காலை மச்சான் ஏணியில் ஏறுவார்.

சூப்பர்வைசர் அவன் பக்கம் திரும்பினார். முகம் சிவந்திருந்தது. "யோவ் விசிலு, உனக்கு அறிவு இருக்கா? ஆளு அந்தப் பக்கம் நிக்கறான். அவன இழுக்காம நீ எதுக்குய்யா இந்தப் பக்கம் ஓடினே?"

அவன் மேலே பார்த்தான். கண்ணாடிக்குப் பின்னால் மச்சான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் நின்ற இடம் அவருக்கு நன்றாகத் தெரிகிற இடம்.

"இந்தப் பக்கம் ஓடினாத்தான் சார் அவருக்குத் தெரியும்" என்றான்.

சூப்பர்வைசருக்கு அது புரிய எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அவன் கவனிக்கவில்லை. அவர் போனை எடுத்து யாரையோ கூப்பிட்டதும், தகட்டைக் கையால் இழுக்கும் சங்கிலி போட்டு இறக்கியதும், டிரைவரை ஒரு பெட்டிமேல் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்ததும் வேறெங்கோ நடப்பதுபோல இருந்தது. "மாடிக்காரரே, எறங்கி வாங்க" என்று சூப்பர்வைசர் இப்போது மெதுவாகக் கூப்பிட்டார். கேபின் கதவு திறந்தது. மச்சான் முதுகைத் திருப்பி, ஏணியின் முதல் படியில் வலது காலை வைத்தார். இடது காலைத் தூக்கினார். வைக்கவில்லை. பத்தொன்பது வருஷமாகப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இறங்கிய ஏணியில், ஒரு கால் காற்றில் நிற்க, இரண்டு கையாலும் கம்பியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். கீழே இருபது பேர் அண்ணாந்து நின்றார்கள்.

விசில்காரன் ஏணிக்கு அடியில் போய் நின்றான்.

"மச்சான், நான்தான். இடது காலக் கீழ விடுங்க. இன்னும் கொஞ்சம். உள்பக்கமா. ஆங், படி கெடச்சுடுச்சு, வைங்க."

மேலே அந்தக் கால் தடவியது, படியைத் தொட்டது, உட்கார்ந்தது. வலது கால் தானாக இறங்கியது. இடது கால் மறுபடியும் காற்றில் நின்றது.

"இருக்கு மச்சான், அங்கதான் இருக்கு. விடுங்க" என்றான் அவன், அவருடைய செருப்பின் அடிப்பாகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல். இன்னும் பதினாறு படிகள் இருந்தன.